நடுவுல ஆள் இல்லாத லைன்

இல்லக்கா, அந்தப் பை அங்கயே இருக்கட்டும், நீங்க தூக்காதீங்க, குத்திடும். உள்ள அன்னாசிப்பழம். பசார்ல வாங்கினேன், இலையெல்லாம் வெட்டாம அப்படியே குடுத்துட்டான். பெர்ரியில வர்றப்ப பக்கத்துல ஒரு சீனக் கெழவிய குத்திருச்சு, அவங்க வேற திட்டிக்கிட்டே வந்தாங்க. நீங்க போட்டுக்கிட்டு இருக்குற ஈட்ட முடிங்க. எனக்கு அவசரமே இல்ல. ஒரு நாள் லீவு போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.

ஆமாக்கா, முறுக்குத்தான் வேணும். பரிசத்துக்கு. எம் மகளுக்கு வர்ற ஞாயித்துக்கெழமை பரிசம். நன்றிக்கா, நன்றி. எவ்வளவுன்னா... அத கடைசில சொல்றேனே. அதுலதான் ஒரு சிக்கல் இருக்கு. எத்தன பேரு வருவாங்கன்னு இன்னும் சரியா தெரியல. ஞாயித்துக்கெழமைக்கு நாலு நாளுதான் இருக்கு, இன்னும் தெரியலயான்னு நீங்க பாக்குற பார்வையே சொல்லுது. அதுக்குத்தான் நானே நேர்ல வந்தேன்.

டத்தோ கிராமாட்லேருந்து. ஆமா, அவ்ளோ தூரம்தான். ஜார்ஜ் டவுன்ல முறுக்கு கெடைக்கலயான்னு கேக்குறீங்க. கெடைக்குது லா, கல்லு மாதிரி கெடைக்குது. எங்க கம்பெனியில ஒரு மலாய்க்காரப் பொண்ணு இருக்கா, சலேஹான்னு பேரு, என்னைய அக்கான்னு சொல்லாம காக்குன்னுதான் கூப்பிடுவா. அவதான் சொன்னா, காக், கெப்பாலா பத்தாஸ்ல தமிழ்ப் பள்ளிக்குப் பின்னால ஒரு மாக்சிக், ஒரு தமிழ் அத்தை, வீட்லயே போட்டு விக்கிறாங்க, அத தின்னா வேற முறுக்கு தின்ன மாட்டீங்கன்னு. நோன்புப் பெருநாளுக்கு அவ வீட்டுக்கு உங்க முறுக்குதானாம். உங்க பேரு எங்க வரைக்கும் போயிருக்குன்னு பாத்துக்குங்க.

வீட்ல வேற யாரும் இல்லையா? மகன் வேலைக்கா? சாயங்காலம்தான் வருவாரா. நல்லது. இல்ல, வேலைக்குப் போறது நல்லதுன்னு சொன்னேன். இந்தக் காலத்துல பையனுங்க எங்க ஒழுங்கா வேலைக்குப் போறானுங்க.

நானா? கம்ப்யூட்டர் ரூம்ல வேலை. டைப்பிங் இல்லக்கா, எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. ஆப்பரேஷன்ஸ் சூப்பர்வைசர். பேரு பெருசா இருக்கும், வேலை என்னான்னா ஒரு லைனுக்குக் காவல் இருக்குறது. எங்க கம்பெனிக்கு ஆப்பீஸ் ஜார்ஜ் டவுன்ல, பேக்டரி இந்தப் பக்கம், மெய்ன்லேண்டுல. ஆப்பீஸ்லேருந்து ஆர்டர் போகணும், பேக்டரிலேருந்து எத்தன பொட்டி ரெடின்னு கணக்கு வரணும். அதுக்கு ரெண்டு எடத்துக்கும் நடுவுல ஒரு லைன் வாடகைக்கு எடுத்து வச்சிருக்கோம். பாயிண்ட் டு பாயிண்ட்டுன்னு சொல்லுவாங்க. அந்த லைன் கடலுக்கு அடியில போகுதா, பாலத்து மேல போகுதா, அது எனக்கே தெரியாது. இந்தப் பக்கம் ஒரு மோடம், அந்தப் பக்கம் ஒரு மோடம். மோடம்னா சும்மா ஒரு பொட்டிக்கா, முன்னால சின்னச் சின்ன லைட்டு எரியும். நான் பதினாறு வருசமா அந்த லைட்டப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். எங்க வீட்டுக்காரர் மூஞ்சியக்கூட அவ்ளோ பாத்ததில்ல, பாவம், போய்ச் சேந்துட்டாரு.

ஆச்சுக்கா, எட்டு வருசமாச்சு. ஹார்ட்டு. உங்களுக்கும் அப்படித்தானா? படத்துல மாலைய பாத்தேன். ம்ம். நம்ம ரெண்டு பேரும் ஒரே கேஸு.

அந்த லைனா? சொல்றேன் சொல்றேன், அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. இப்ப நீங்க போன் பண்றீங்க. நம்பர் சுத்துறீங்க. நடுவுல எக்ஸ்சேஞ்சுன்னு ஒருத்தன் ஒக்காந்துக்கிட்டு உங்கள யாரோட சேக்கணுமோ சேத்துவிடுறான். அவனுக்கு மனசு வந்தா கெடைக்கும், இல்லன்னா ராங் நம்பர். இந்த லைன்ல அந்த ஆளே கெடையாது. நம்பர் இல்ல, சுத்தவும் வேணாம். இந்த மொனையில போட்டா அந்த மொனையில விழுகும். யாருக்குன்னு மேல விலாசம் எழுதக்கூட வேணாம், ஏன்னா அங்க இருக்குறது ஒரே ஒரு ஆளு. வேற யார்கிட்டயும் போகாது. யாரும் நடுவுல கைய வைக்கவும் மாட்டாங்க, இன்னாருக்குன்னு பிரிக்கவும் மாட்டாங்க, ரெண்டு வார்த்த சேத்தும் சொல்ல மாட்டாங்க. நம்ம ஆளுங்க கல்யாணப் பேச்சு இப்படி ஒரு லைன்ல நடந்திருந்தா எத்தனையோ குடும்பம் பொழச்சிருக்கும்.

சிரிக்கிறீங்களா? சிரிங்க. நான் கல்யாணத்துக்குத்தான் வர்றேன்.

எம் மகளுக்கு இருபத்தெட்டு. பத்மாவதின்னு பேரு, பத்மான்னு கூப்பிடுவோம். வக்கீல் ஆப்பீஸ்ல கிராணி, கணக்கு எழுதுற வேலை. நல்ல புள்ளக்கா. நானே சொல்லக் கூடாது, ஆனா வேற யாரும் சொல்லலன்னா நான்தான சொல்லணும். மொத வந்த ஒரு எடம், அப்பா இல்லாத வீடா, பேசி முடிக்க ஆம்பள யாருன்னு கேட்டுட்டுப் போனவங்கதான், திரும்பி வரல. ரெண்டாவது எடம், அம்மா மெசினோட பேசுற வேலைதான பாக்குறாங்க, வீட்டு வேலை எப்படி கத்துக் குடுத்திருப்பாங்கன்னு கேட்டாங்களாம். சத்தியமாக்கா. அதுக்கப்புறம் பத்மா எதுக்குமே வாயத் தொறக்குறது இல்ல. போட்டோவ காட்டுனா பாப்பா, வச்சிருவா.

அப்ப நான் என்னா செய்றது? நானே போயி ஒரு வீட்டுக் கதவத் தட்டி எம் பொண்ணக் கட்டிக்கிறீங்களான்னு கேக்க முடியுமா? தாலி இல்லாதவ அந்தப் பேச்ச எடுக்கக் கூடாதுன்னு எங்க சொந்தக்காரங்க குதிப்பாங்க. உங்க பக்கம் எப்படியோ. ஆம்பள ஒருத்தர் நடுவுல இருக்கணும். எங்களுக்கு இருந்தவரு பழனியப்பன். எங்க வீட்டுக்காரருக்கு மச்சான் முறை. நல்ல மனுசன். ஒரு கெட்ட கொணம் கெடையாது. குடிக்க மாட்டாரு, வெத்தல மட்டும்தான். யாரு மனசும் நோகக் கூடாதுன்னு நெனைக்கிறவரு. அந்த நல்ல கொணம்தான்க்கா என்னைய இங்க கொண்டாந்து ஒக்கார வச்சிருக்கு.

பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாளு ஒரு போட்டோவோட வந்தாரு. யாரோட கல்யாணத்துலயோ எடுத்தது, கூட்டத்துல நிக்கிற பையன மட்டும் வெட்டி எடுத்திருந்தாரு. தோளுல வேற யாரோ கை இருந்துச்சு. பையன் பேக்டரியில டெக்னீசியன், தங்கமான புள்ள, அம்மா மட்டும்தான், அவங்களும் நம்மள மாதிரிதான்னாரு. பத்மாகிட்ட காட்டுனேன். எப்பவும்போல பாத்தா. ஆனா திருப்பி வைக்கல. பஸ் பாஸு வைக்கிற கவருக்குள்ள சொருகிக்கிட்டா. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன், சமையல்கட்டுக்குப் போயி கொஞ்ச நேரம் அழுதேன்.

அந்த முறுக்கு செவந்துருச்சுக்கா. ஆங், அதுதான்.

பழனியப்பன் அண்ணே போயிக் கேட்டுட்டு வந்தாரு. அந்தப் பக்கம் சரின்னுட்டாங்கன்னாரு. எனக்கு நம்ப முடியல. ரெண்டு மாசம் ஆகியும் நேர்ல வந்து பொண்ணப் பாக்கலயேன்னு கேட்டேன். பங்குனி உத்திரத்துக்குக் கோயில்ல பையன் தூரத்துலேருந்து பாத்துட்டானாம், புடிச்சிருச்சாம், இனிமே பரிசத்துக்கு வந்தா போதுமாம். நம்மள்ல அது உண்டுல்லக்கா, தெரியாம பாக்குறது. நானும் நம்பிட்டேன். நான் போன் பண்ணிப் பேசட்டுமான்னேன். ஐயோ, அந்தம்மா ரொம்ப முறை பாக்குறவங்க, பரிசத்துக்கு முன்னால பொண்ணோட அம்மா பேசுறது அவங்களுக்குப் புடிக்காது, நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்னாரு.

அதுக்கப்புறம் எல்லாமே வழுக்கிக்கிட்டுப் போச்சுக்கா. ஆவணியில மூணாவது ஞாயிறு தோதா இருக்குமான்னு கேக்கச் சொன்னேன். மறுநாளே வந்துட்டாரு, அவங்களும் அதே ஞாயித்துக்கெழமையத்தான் மனசுல வச்சிருந்தாங்களாம். தட்டு பதினொண்ணு போதும், ஆடம்பரம் வேணாம்னேன். அவங்களும் பதினொண்ணுதான் சொன்னாங்களாம். ஒருநா நான் வெளையாட்டுக்கு, எம் பொண்ணுக்கு சமைக்கத் தெரியாது, சாப்பிடத்தான் தெரியும், இத இப்பவே சொல்லிப்புடுங்க அண்ணேன்னு சொல்லி அனுப்பினேன். அந்தம்மா என்னா சொல்லி அனுப்பினாங்க தெரியுமா? சமைக்கத் தெரியாட்டி என்னா, சாப்பிடத் தெரிஞ்சா போதும்னு. நான் அப்படியே உருகிட்டேன். பத்மா, இப்படி ஒரு மாமியாரு யாருக்குடி கெடைப்பாங்கன்னேன். அவ அன்னிக்கு சிரிச்சாக்கா. எம் பொண்ணு சத்தம் போட்டு சிரிச்சு எனக்கு ஞாபகமே இல்ல.

ஆமா லா, அந்த மாதிரி சம்பந்தி யாருக்குக் கெடைக்கும். நீங்களே சொல்றீங்க பாருங்க.

இப்ப கொஞ்சம் லைனுக்கு வர்றேன். இல்லக்கா, கத மாறல, இதுவும் அந்தக் கததான். போன மாசம், ஒரு திங்கக்கெழமை காலையில, வேலைக்குப் போயி கன்சோல்ல ஒக்காந்தேன். கன்சோல்னா டிவி மாதிரி ஒரு ஸ்க்ரீனு, கீபோர்டு. அந்த மொனையில சலேஹா ஒக்காந்திருப்பா. ஆர்டரு, கணக்கு எல்லாம் ஓடுறதுக்கு முன்னால நாங்க ரெண்டு பேரும் ஒரு வரி அடிச்சுக்குவோம், லைன் இருக்கான்னு பாக்க. பேசாம இருந்தா அந்தப் பக்கம் ஆளு இருக்கா, செத்துட்டாளான்னு எப்படித் தெரியும்? அதுக்கு, சேதி ஒண்ணும் இல்லன்னாலும் இருக்கியா, இருக்கேன்னு ரெண்டு மோடமும் அப்பப்ப தட்டிக்கிட்டே இருக்கும். நானும் அவளும் அதே மாதிரிதான். பாதி நாளு என்னா கொழம்புன்னுதான் கேட்டுக்குவோம்.

அன்னிக்கு நான் அடிச்சேன், சலாமாட் பாகி சலேஹா. ஒரு நொடியில திரும்பி வந்துச்சு, சலாமாட் பாகி சலேஹா. இவளுக்கு என்னா ஆச்சு, தனக்குத்தானே வணக்கம் சொல்லிக்கிறாளேன்னு நெனச்சேன். சரி, காலையிலயே கேலி பண்றான்னு, டா மக்கான்னு அடிச்சேன். சாப்டியான்னு. டா மக்கான்னு அவளும் கேக்குறா. நான் சாப்டேன், தோசைன்னு அடிச்சா, அவளும் தோசைங்கிறா. மலாய்க்காரி வீட்ல எங்க தோசை? எனக்குக் கோவம் வந்துருச்சு. வெளையாடாதே, ஜாங்ஙான் மைன்-மைன்னு அடிச்சேன். வந்துச்சு பாருங்க பதிலு, ஜாங்ஙான் மைன்-மைன். என்னையவே அதட்டுறா!

சிரிக்காதீங்கக்கா, எண்ண கைல பட்டுறும்.

லைட்டெல்லாம் பச்சையா எரியுது. ஆர்டர அனுப்புனேன், ஒரு எழுத்து தப்பாம போயி விழுந்ததா காட்டுது. அந்த லைன்ல மழ பெஞ்சா கரகரன்னு தப்பு வரும், வெயிலடிச்சா வேற தப்பு வரும். அன்னிக்கு ஒரு தப்பு இல்ல. எங்க மேனேஜர் வந்து பாத்துட்டு, பதினாறு வருசத்துல இதுதான் பெஸ்ட்டு லைனு, வெரி குட் ஜெயான்னு முதுகுல தட்டாத கொறையா சொல்லிட்டுப் போறாரு. பத்தரைக்கு போன் அடிக்குது. சலேஹா. காக் ஜெயா, காலையிலேருந்து லைன் செத்துக் கெடக்கு, ஒரு ஆர்டர் வரல, டிரைவருங்க எல்லாம் கோப்பி குடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க, நீங்க என்னா தூங்குறீங்களா?

என்னா ஆச்சுன்னா, சனிக்கெழமை நூர் முகம்மதுன்னு ஒரு காண்ட்ராக்டர் எங்க மோடத்த டெஸ்ட் பண்ண வந்திருக்காரு. அதுல ஒரு பட்டன் இருக்கு, லூப்பேக்குன்னு பேரு. அத அமுக்குனா நீங்க அனுப்புறது வெளிய போகாது. வாசல்லயே திரும்பி உங்ககிட்டயே வந்துரும். மோடம் நல்லா இருக்கான்னு பாக்குறதுக்கு அது. பாத்து முடிச்சதும் பட்டன எடுத்து விடணும். மனுசன் மறந்துட்டுப் போயிட்டாரு. நான் பாதி காலைய என்னோடயே பேசிக்கிட்டு இருந்திருக்கேன். சண்டை வேற போட்டிருக்கேன். அதான் ஒரு தப்பும் வரல. தன்னோட பேசுறவளுக்கு எங்கேருந்து தப்பு வரும்?

அப்புறம் அந்த நூர் முகம்மதே வந்து, மன்னிச்சுக்குங்க அக்கான்னு சொல்லிட்டு ஒண்ணு சொன்னாரு. இப்ப வர்ற புதுப் பொட்டியில இது நடக்காதாம். லைன் தொறந்ததும் ரெண்டு மொனையும் ஆளுக்கு ஒரு நம்பர, மனசுல தோணுனது எதையாவது எடுத்து எதிர்ப்பக்கம் சொல்லுமாம். அங்கேருந்து வேற நம்பர் வந்தா, சரி, எதிர்ல ஒரு ஆள் இருக்கு. சொன்ன நம்பரே திரும்பி வந்தா, எதிர்ல ஆளே இல்ல, செவுரு. அப்ப பேச்ச நிறுத்திரும். நான் தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டேன். எவ்ளோ புத்திசாலித்தனம் பாருங்க, மெசினுக்கு.

எனக்கு அன்னிக்கு ஒண்ணும் ஒரைக்கல. மூணு வாரம் கழிச்சு, பரிசத்துக்குப் பந்தல்காரன வரச் சொல்லி, வெத்தல பாக்குக்குச் சொல்லி, ஈப்போவுலேருந்து எங்க நாத்தனார் குடும்பம் டிக்கட் எடுத்தாச்சுன்னு போன் பண்ணி, எல்லாம் ஆன பெறகு, போன வாரம் பஸ்ஸுல ஒக்காந்திருக்கேன். பழனியப்பன் அண்ணே சொன்னதெல்லாம் ஒண்ணொண்ணா நெனச்சுச் சந்தோசப்பட்டுக்கிட்டே வர்றேன். அதே ஞாயிறு. அதே பதினொரு தட்டு. சமையலுக்குச் சொன்ன வார்த்தகூட எம் வார்த்த. எட்டு மாசத்துல அந்தப் பக்கத்துலேருந்து ஒரு வார்த்த மாத்திச் சொன்னது இல்ல, ஒரு மொனகல் இல்ல, ஒரு நகை பேச்சு இல்ல. நம்ம ஆளுங்கக்கா! தாம்பூலத் தட்டு எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு அடிச்சுக்குற ஆளுங்க! திடீர்னு அந்தத் திங்கக்கெழமை ஞாபகம் வந்துச்சு. தப்பே வராத லைன்.

எறங்க வேண்டிய எடத்துல எறங்கல. ரெண்டு ஸ்டாப்பு தள்ளிப் போயி எறங்கி நடந்து வந்தேன்.

மறுநாளு அண்ணன கூப்பிட்டு, அண்ணே, ஒண்ணு மறந்தே போச்சு, எங்க அப்பா வழியில ஒரு வழக்கம் இருக்குன்னேன். பரிசத்துக்கு மாப்பிள்ள வீட்லேருந்து ஒம்போது அன்னாசிப்பழம், செவப்பு ரிப்பன் கட்டிக் கொண்டாரணும், அது இல்லன்னா பொண்ணு வெளிய வர மாட்டா, கொஞ்சம் அந்தம்மாகிட்ட கேட்டுட்டு வந்துருங்கன்னேன்.

எங்கக்கா இருக்கு அப்படி ஒரு வழக்கம்? சீனன்தான் வாசல்ல அன்னாசி தொங்க விடுவான். எனக்கு அந்த நேரத்துல வாயில வந்தது அன்னாசி. எம் மனசுல தோணுன நம்பரு அதுதான்.

மறுநாள் சாயங்காலம் வந்தாருக்கா. சட்டையெல்லாம் வேர்த்து, பெர்ரியில போயிட்டு வந்த ஆளு மாதிரியே வந்தாரு. ஒக்காந்து தண்ணி குடிச்சுட்டு, என்னா அதிசயம் பாத்தியா ஜெயா, அவங்க குடும்பத்துலயும் அதே வழக்கமாம், ஒம்போது அன்னாசி, செவப்பு ரிப்பனு, அந்தம்மாவே மொதல்ல ஆர்டர் குடுத்துட்டாங்களாம்னாரு.

கோப்பி கலக்கிக் குடுத்தேன். பிஸ்கட்டு எடுத்து வச்சேன். அவரு ஒண்ணு எடுத்து கோப்பியில நனைச்சாரு, அது ஒடஞ்சு உள்ள விழுந்துருச்சு. அத ஸ்பூன்ல தேடிக்கிட்டே இருந்தாரு. அண்ணே, நீங்க அங்க ஒரு தடவையாவது போனீங்களான்னு கேட்டேன். அவ்ளோதான். அந்த வயசான மனுசன் மூஞ்சிய துண்டுல பொத்திக்கிட்டு அழுவுறாரு. எனக்கு அவர கொல்லணும்போலயும் இருக்கு, தண்ணி எடுத்துக் குடுக்கணும்போலயும் இருக்கு. தண்ணிதான் குடுத்தேன்.

ஒரே தடவை போயிருக்காரு. மொத தடவை. வீடு பூட்டியிருந்துச்சாம். பக்கத்து வீட்ல கேட்டா, அந்தம்மா சுங்கைப்பட்டாணிக்கு ஒரு கல்யாணத்துக்குப் பலகாரம் குடுக்கப் போயிருக்காங்கன்னாங்களாம். சரி, இன்னொரு நாளு வருவோம்னு திரும்பிட்டாரு. எங்க வீட்டு வாசலுக்கு வந்து, ஆளில்லன்னு சொல்ல வாயத் தொறக்குறதுக்குள்ள, நான் கதவத் தொறந்துக்கிட்டே, சரின்னுட்டாங்களா அண்ணேன்னு கேட்டிருக்கேன். எனக்குப் பின்னால பத்மா நின்னுக்கிட்டு இருந்தாளாம், பஸ் பாஸு கவர கையில வச்சுக்கிட்டு. அவருக்கு வாயில சரின்னுதான் வந்துச்சாம். அடுத்த வாரம் போயி நெசமாவே சரின்னு வாங்கிட்டா ஆச்சுன்னு நெனச்சிருக்காரு. அடுத்த வாரம் போக வெக்கம். அதுக்கடுத்த வாரம் பயம். அப்புறம் நான் கேக்குறதுக்கெல்லாம் நான் சொன்னதையே பதிலா திருப்பிக் குடுத்துட்டாரு, ஏன்னா அதுதான் எனக்குப் புடிச்ச பதிலுன்னு அவருக்குத் தெரியுமே. படகுத்துறையில போயி பெர்ரியப் பாத்துக்கிட்டு ஒக்காந்துட்டு திரும்புவாராம். வேர்வை மட்டும் உண்மை.

நான் அவர மட்டும் கொற சொல்ல மாட்டேன்க்கா. நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்குப் புடிக்காத பதிலு வந்தாலும் பரவால்லன்னு கேட்டிருந்தா இது நடந்திருக்காது. லைட்டு பச்சையா எரிஞ்சா போதும்னு ஒக்காந்திருந்தேன். இதுல பதினாறு வருச சர்வீசு.

ஏன்க்கா, ஒண்ணு கேக்கணும். பொங்கலுக்கு அப்புறம், தைப்பூசத்துக்குள்ள, நீங்க ஒரு நாளு வீட்டப் பூட்டிட்டு சுங்கைப்பட்டாணி போயிருந்தீங்களா?

அடுப்ப அணைச்சுருங்கக்கா. மொதல்ல அடுப்ப அணைங்க. அச்சக் கீழ வைங்க. ஒக்காருங்க.

ஆமா. சந்திரசேகரன்தான். அந்தப் படத்துல இருக்குற அய்யாக்கண்ணு மகன். உங்க மகன்தான். புக்கிட் தெங்காவுல இருக்குற பேக்டரி எங்க கம்பெனி பேக்டரிதான். இல்லக்கா, அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல, அவருக்கு இது எதுவுமே தெரியாது. பங்குனி உத்திரத்துக்கு அவரு கோயிலுக்கே வரல, நைட்டு சிப்டுல இருந்திருக்காரு, சலேஹா டூட்டி லிஸ்ட்ட பாத்துச் சொன்னா. எட்டு மாசமா கேக்காதத, அண்ணே அழுத பெறகுதான் அவகிட்ட நேரா லைன்ல கேட்டேன். அவ கேண்டீன்ல சும்மா பேச்சுக் குடுத்திருக்கா, என்னா சேகர், எப்ப கல்யாண பிரியாணின்னு. அதுக்கு அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாராம், எங்க காக், எங்கம்மா இன்னும் பொண்ணு தேடவே இல்லயேன்னு. அத அவ அப்படியே எனக்கு அடிச்சு அனுப்பினா. எட்டு மாசத்துல அந்தப் பக்கத்துலேருந்து எனக்கு வந்த மொத நெசமான சேதி அதுதான். எனக்குப் புடிக்காத சேதி. ஆனா என்னோட வார்த்த இல்ல, அதுனால கையெடுத்துக் கும்புடலாம்போல இருந்துச்சு.

பத்மாவுக்கு இன்னும் தெரியாது. கல்யாணத்துக்கு அப்புறம் இங்கேருந்து வேலைக்குப் போனா திரும்பி வர்ற கடைசி பெர்ரி எத்தன மணிக்குன்னு விசாரிச்சு வச்சிருக்கா அந்தப் புள்ள. நான் இன்னிக்கு எங்க போறேன்னு கேட்டதுக்கு, முறுக்கு வாங்கப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன். அது பொய்யில்ல.

எந்திரிச்சுப் போகச் சொன்னா போயிடுறேன்க்கா. பந்தல்காரனுக்கு சொல்லிடுவேன், ஈப்போவுக்குப் போன் பண்ணிடுவேன், நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க, பேசட்டும். தாலி இல்லாத நானே வந்து உங்க வாசல்ல இந்தப் பேச்ச எடுத்தது முறையில்லன்னும் எனக்குத் தெரியும். நீங்க முறை பாக்குறவங்களான்னுதான் தெரியாது. உங்களப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நானே சொன்னதுதான். இந்த ஒரு மணி நேரமா நான் பேசுறதுக்கு நீங்க சிரிச்சதும், அந்த மாதிரி சம்பந்தி யாருக்குக் கெடைக்கும்னு கேட்டதும் மட்டும்தான் நெசமா உங்களோடது.

அந்தப் பைய எடுங்க. பாத்து, குத்தும். ஒண்ணுதான் வாங்கினேன், ரிப்பன் கட்டல. எங்க குடும்பத்துல இப்படி ஒரு வழக்கமே கெடையாதுக்கா. உங்க குடும்பத்துல இருக்கா? இல்லன்னா இல்லன்னே சொல்லுங்க.